குற்றச்சாட்டே தீர்ப்பாகலாமா?

பெங்களூரிலோ மும்பையிலோ, வீட்டின் ஓர் அறையையே கிடங்காக்கி, பெயர்பெற்ற நிறுவனங்களின் இயர்போன்களையும் சார்ஜர்களையும் இணையச் சந்தையில் விற்கும் ஒரு சிறு வணிகரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை அவருக்கு மின்னஞ்சல் வருகிறது: ‘தங்கள் பொருள் போலி எனப் புகார் வந்துள்ளது. தங்கள் விற்பனைக் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.’ புகார் செய்தவர் யார், எதைக் கொண்டு போலி என முடிவு செய்தார்கள் என்ற விவரம் அதில் இல்லை. வரவேண்டிய விற்பனைத் தொகை நின்றுவிடுகிறது, சரக்கு முடங்குகிறது. கடன் தவணைக்குரிய தேதி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

நம் வாடிக்கையாளர்களுள் இணையவழி விற்பனையை நம்பி நடைமுறை மூலதனக் கடன் பெற்றோர் உண்டு. அத்தளங்களில் நாள்தோறும் பொருள் வாங்குவோரும் உண்டு. ஆகவே இது இரு தரப்பையும் தொடும் செய்தி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். போலிப் பொருள்களுக்கு எதிரான நடவடிக்கை நியாயமானது. போலி சார்ஜர் தீப்பற்றக்கூடும். போலி முகப்பூச்சு தோலைக் கெடுக்கும். போலி பிரேக் பாகம் உயிரையே வாங்கும். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், பொய்ச் சின்னம் பொறித்தவருக்கு மட்டுமன்றி, அதை விற்றவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. இக்கடுமையில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், ‘போலி’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு செய்திகள் அடைக்கப்படுகின்றன. உண்மையிலேயே போலியாகச் செய்யப்பட்ட பொருள் ஒன்று. பொருள் அசலே; விற்பவர் மட்டும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் அல்லர் என்பது மற்றொன்று. பெட்டியின் வடிவம் மாறியதாலோ, பட்டியலில் இட்ட படம் பொருந்தாததாலோ வாங்கியவருக்கு எழும் ஐயம் வேறொன்று. அசலை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் வேறொரு பொருளை வைத்துத் திருப்பி அனுப்புவோரின் மோசடி இன்னொன்று. ஒரே கிடங்கில் பல விற்பனையாளர்களின் ஒரே வகைச் சரக்கு கலந்து வைக்கப்படும்போது, ஒருவர் அனுப்பிய போலி மற்றொருவர் பெயரில் வாடிக்கையாளரைச் சென்றடைவதும் உண்டு. இவை அனைத்துக்கும் ஒரே மின்னஞ்சல், ஒரே தண்டனை என்பது முறையாகாது.

இவற்றுள் இரண்டாவது வகையைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. நேர்மையான வழியில் சந்தையிலிருந்து வாங்கப்பட்ட அசல் பொருளை மறுபடி விற்பது சின்ன மீறல் ஆகாது என்பது மேற்கண்ட சட்டத்தின் 30ஆம் பிரிவின் சாரம். சாம்சங் அச்சுப்பொறிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கு விற்றது தொடர்பான வழக்கில், 2012இல் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு அசல் பொருளை அவ்வாறு விற்பதற்கு இடமளித்தது. அதே வேளையில், அது இறக்குமதியான பொருள் என்பதையும், அதற்கு அந்நிறுவனத்தின் உத்தரவாதமோ பழுதுநீக்கும் சேவையோ இல்லை என்பதையும் வாங்குவோருக்குத் தெரியும்படி அறிவிக்கச் சொன்னது. விற்கும் உரிமை ஒரு கையில், உண்மையை மறைக்காத கடமை மறு கையில். இதைவிடச் சமமான தராசு வேறெது? பொருளின் நிலை மாற்றப்பட்டாலோ கெடுக்கப்பட்டாலோ உரிமையாளர் தடுக்கலாம் என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

தளங்கள் ஏன் விசாரிக்கும் முன்பே நீக்குகின்றன? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, இடைத்தரகராக மட்டும் செயல்படும் தளத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தவறு நடப்பது தெரிந்தும் வாளாவிருந்தால் அப்பாதுகாப்பு போய்விடும் என்ற அச்சம் தளங்களுக்கு. நீக்கினால் தளத்துக்கு நட்டம் சிறிது, நீக்காவிட்டால் வழக்கு. எனவே, ஐயம் எழுந்தவுடன் கத்தரி விழுகிறது. களையெடுக்கும் கைக்குப் பயிரும் தெரிய வேண்டாமா?

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. அதே காலக்கெடு விற்பனையாளரின் மறுமொழிக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்பதே நமது வினா. சின்னச் சட்டத்தின் கீழ் நீக்கப்பட்ட பொருள்களைத் திரும்பத் திரும்ப விற்க முன்வந்தவர்களின் விவரங்களைப் பதிந்துவைக்கத் தளங்கள் முயல வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அப்பதிவேட்டில் தவறாக ஏறும் பெயர் ஒரு வணிகரின் எதிர்காலத்தையே மறைத்துவிடும். ஆதாரமின்றி மிரட்டுவோர் மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்க, சின்னச் சட்டத்தின் 142ஆம் பிரிவு வழி தருகிறது. ஆயினும் மாதம் சில ஆயிரம் ஈட்டும் வணிகருக்கு நீதிமன்றப் படி எட்டாத உயரம்.

ஆகவே தளங்களிடம் நாம் எதிர்பார்ப்பவை மூன்று. எந்தப் பொருள், எந்த ஆர்டர், என்ன காரணம் என்பதைப் புகாருடன் தெரிவிக்க வேண்டும். ஐயத்துக்குரிய பொருளின் தொகையை மட்டுமே நிறுத்திவைக்க வேண்டும். பிற பொருள்களின் வரவைத் தடுக்கக் கூடாது. மனிதர் ஒருவர் பார்த்து, குறித்த நாளுக்குள் விடையளிக்க வேண்டும்.

விற்பனையாளர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. சின்னச் சட்டத்தின் 104ஆம் பிரிவு, தற்காப்புக்கான வழியையும் அதிலேயே வைத்திருக்கிறது. உரிய முன்னெச்சரிக்கைகளை எடுத்தேன், ஐயப்படக் காரணமில்லை, யாரிடம் வாங்கினேன் என்பதைக் கேட்டதும் முழுமையாகச் சொன்னேன் என்று காட்டுபவருக்கு அது தண்டனையிலிருந்து விலக்களிக்கிறது. ‘யாரிடம் வாங்கினீர்கள்?’ என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பதே கவசம். பில் இல்லாமல், ரொக்கமாக, நம்பமுடியாத விலைக்கு வாங்கியவரிடம் அந்த விடை இராது.

எனவே மாடல் எண்ணும் எண்ணிக்கையும் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டுப் பெறுங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியே செலுத்துங்கள். பில்லும் கணக்கறிக்கையும் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போது அவற்றை மறுப்பது எளிதன்று. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டியிருப்பதால், பழைய பில்களை எறிந்துவிடாதீர்கள். வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பொருளைப் பொதியும்போதும், திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் படம்பிடித்து வையுங்கள். புகார் வந்தால் கோபத்தில் எழுதாமல், அது எந்த வகைப் புகார் என்று முதலில் பிரித்தறிந்து, அதற்குரிய ஆவணத்தை இணைத்து மறுமொழி அளியுங்கள். குடும்பத்தார் பெயரில் புதிய கணக்குத் திறப்பது தீர்வாகாது; தொடர்புடைய கணக்கென்று அதுவும் முடக்கப்படலாம்.

வாங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். பிடிக்காத பொருள் வேறு, போலிப் பொருள் வேறு. வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்த்த பின் அச்சொல்லை எழுதுங்கள். உண்மையிலேயே போலி எனில் தயங்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

நிறைவாக, வங்கி என்ற முறையில் ஒரு சொல். ஒரே தளத்தின் வரவை மட்டும் நம்பித் தவணை கட்டுவது ஒற்றைத் தூணில் வீடு கட்டுவது போன்றது. சில மாதத் தவணைக்கான தொகையைத் தனியே ஒதுக்கிவையுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் அன்றே கிளை மேலாளரிடம் சொல்லுங்கள். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையாகிவிட்டால் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும், அதன்பின் எங்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும். தளம் அனுப்பிய மின்னஞ்சலையும், நீங்கள் அளித்த மறுமொழியையும், கொள்முதல் பில்களையும் உடன் எடுத்து வாருங்கள். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு முடிவெடுப்பதே எங்களுக்கும் முறை.