சேப்பாக்கம் டிக்கெட்டின் அடக்கவிலை

செவ்வாய்ப்பேட்டையில் அடக்கவிலை என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லீ பஜார் மண்டியில் ஒரு லோடு சரக்கு வந்து இறங்கினால், கொள்முதல் விலையை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, சேதாரம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் மூட்டை இன்ன விலைக்கு அடங்குகிறது என்பார்கள். ஆனால் அதே தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து சேப்பாக்கத்துக்கு ஐ.பி.எல். பார்க்கப் போகலாம் என்று திட்டம் போட்டால் மட்டும், கணக்கு டிக்கெட் விலையோடு நின்றுவிடுகிறது!

2025 மார்ச் 23 அன்று நடந்த சென்னை - மும்பை ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், அதிகபட்சமாகக் கலைஞர் பெயரிலுள்ள மாடத்தில் 7,500 ரூபாய். 1,700 என்பது கல்லூரிப் பையனுக்குச் சின்னத் தொகை இல்லைதான். இருந்தாலும் கொலுசுப் பட்டறையில் பகுதி நேர வேலை பார்த்தோ, அப்பாவிடம் கெஞ்சியோ அதைச் சேர்த்துவிடலாம். சேலத்துக்காரனை மைதானத்துக்கு வெளியே நிறுத்துவது விலையை விட இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, டிக்கெட் விற்பனைக்கு வரும் தேதி. இன்னொன்று, ஆட்டம் முடியும் நேரம்.

முதலில் தேதி. அந்த ஆண்டின் ஐ.பி.எல். அட்டவணை பிப்ரவரி 16 அன்றே வெளியாகிவிட்டது. மும்பை ஆட்டத்துக்கான டிக்கெட் இணையத்தில் வந்ததோ மார்ச் 19 அன்று, அதாவது ஆட்டத்துக்கு நாலே நாள் முன்னால். ரயில்வே என்ன செய்கிறது? 2024 நவம்பரிலிருந்து பயணத்துக்கு 60 நாள் முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. ஆக, சேலத்து ரசிகன் முதலில் ரயில் டிக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு, ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். விற்பனை தொடங்கும் காலையில் இணைய வரிசையில் லட்சத்தைத் தாண்டிய எண் வந்தால், ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கல்லூரிக்குப் போகவேண்டியதுதான். சரி, ஆட்ட டிக்கெட் கிடைத்த பிறகு ரயிலைப் பார்க்கலாம் என்றால், அப்போது வெயிட்டிங் லிஸ்ட்தான் மிச்சம் இருக்கும். பிறகு தட்கல், அதுவும் இல்லையென்றால் ஆம்னி பஸ் கேட்கிற விலை.

திருவல்லிக்கேணியில் இருப்பவருக்கு இந்த நாலு நாள் தாராளம். அவர் ஆட்டத்தன்று மத்தியானம் டிக்கெட் கிடைத்தாலும் நடந்தே போய்விடுவார். 340 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத்தான் அந்த நாலு நாள் ஒரு சுவர். எல்லோருக்கும் ஒரே இணையதளம், ஒரே நேரம், ஒரே விலை என்பது பார்ப்பதற்குச் சமமாகத் தெரிகிறது. ஆனால் ரிஸ்க் முழுவதும் வெளியூர்க்காரன் தலையில்!

முன்கூட்டியே விற்றால் கள்ளச்சந்தைக்காரர்களுக்கு அவகாசம் கிடைத்துவிடும் என்று ஒரு பதில் வரும். நாலு நாள் மட்டும் கொடுத்தபோதும் கள்ளச்சந்தை ஒழிந்துவிடவில்லையே? ரயில் டிக்கெட்டில் பெயர் போட்டு அடையாள அட்டை பார்க்கிறார்கள். அதையே வாசலிலும் செய்யலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பங்கு டிக்கெட்டை மூன்று வாரம் முன்பே விற்றால் போதும், சேலம், தர்மபுரி, நாமக்கல் எல்லாம் வந்து சேரும்.

அடுத்தது, ஆட்டம் முடியும் நேரம். இரவு ஏழரைக்குத் தொடங்குகிற ஆட்டம் பதினொன்றே காலுக்கோ அதற்கும் மேலோ முடியும். சேலம் வழியாகப் போகும் நீலகிரி, சேரன், ஏற்காடு எக்ஸ்பிரஸ் மூன்றும் அதற்குள் சென்ட்ரலை விட்டுக் கிளம்பியிருக்கும். மிச்சம், நள்ளிரவை ஒட்டி எழும்பூரில் கிளம்பும் சேலம் ரயில். அரசினர் தோட்டம் மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி எழும்பூர் போகவேண்டும், அதுவும் மொத்த மைதானமும் ஒரே சமயத்தில் வெளியே கொட்டும்போது. நிச்சயமாகப் பிடிக்க வேண்டுமென்றால் பதினெட்டாவது ஓவரில் எழுந்து ஓட வேண்டும். தோனியைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது? 2025 மார்ச் 28 அன்று பெங்களூருக்கு எதிராக மனிதர் ஒன்பதாவது ஆளாகத்தான் இறங்கினார் :)

பஸ் இருக்கிறதே என்பார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்பக்கம் போகும் வெளியூர் பஸ்களைப் பிடிக்க ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் போகவேண்டும். ஆட்ட நாட்களில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது விமான நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் சாலைதான். பையன்கள் எப்படியோ சமாளித்து விடியற்காலை வீடு வந்து சேர்வார்கள். அதே வகுப்பில் அவர்களை விட அதிகம் கிரிக்கெட் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் கிளாம்பாக்கத்தில் நிற்பதற்கு எந்த வீட்டில் சரி என்று சொல்வார்கள்? அவர்களுக்கு இந்தத் திட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது.

மதியம் மூன்றரை மணி ஆட்டம் என்றால் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லை. ஏழரைக்கு முடியும், எல்லா ரயிலும் கிடைக்கும். 2025 சீசனில் சேப்பாக்கத்தில் நடந்த ஆறு ஆட்டங்களில் அப்படி நடந்தது ஒன்றே ஒன்று, ஏப்ரல் 5 அன்று டெல்லியோடு. விளம்பரக் காசு இரவில்தான் என்பது புரிகிறது. இருந்தாலும் ஆறில் ஒன்று ரொம்பக் கஞ்சத்தனம்.

பை விஷயம் ஒன்று இருக்கிறது. மைதானத்துக்குள் பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எதையும் விடுவதில்லை. உள்ளூர்க்காரர் கைவீசிக்கொண்டு வருவார். இரவு ரயிலில் வந்தவன் மாற்றுத்துணிப் பையை எங்கே வைப்பான்? ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு வருவதுதான் நல்லது.

ஆகவே, வாழ்நாளில் முதல் தடவை சேப்பாக்கம் போகிற சேலத்துக்காரர் ஐ.பி.எல்.லை விட்டுவிட்டு டெஸ்ட் மேட்சுக்குத் திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம். காலையில் எழும்பூரில் இறங்கலாம், நாள் முழுக்கப் பார்க்கலாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மெரினாவில் காற்று வாங்கிவிட்டு இரவு ரயிலைப் பிடிக்கலாம். அந்த மைதானத்தின் பெருமையும் டெஸ்டில்தானே இருக்கிறது? 1952-ல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது அங்கே. 1986-ல் ஆஸ்திரேலியாவோடு டை ஆனது அங்கே. 1999-ல் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியதும் அந்தக் கூட்டம்தான்.

இதிலும் விலை ஏறிக்கொண்டே போவதுதான் கவலை. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்டில் ஒரு நாள் டிக்கெட் 100, 150, 200 ரூபாய். அஸ்வின் அதில் 106 அடித்தார். 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்டில் அதே அஸ்வின் 113 அடித்தார். அப்போது மிகக் குறைந்த டிக்கெட் 1,000 ரூபாய். மூன்றரை வருடத்தில் பத்து மடங்கு! வெள்ளி விலை கூட அந்த வேகத்தில் ஏறவில்லை.

இங்கே ஜி.எஸ்.டி. படித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு வரி 28-லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முன் 1,000 ரூபாய் டிக்கெட், 1,280-க்குப் பதில் 1,400. சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் உள்ள அதே வரி. ஆனால் சர்வதேச ஆட்டங்களுக்கு 18 சதவீதம்தான், அதுவும் டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் வரியே கிடையாது. டெஸ்ட் நாட்களில் ஒரு கேலரியை 500 ரூபாய்க்கு ஒதுக்கினால், அரசுக்குப் போகாமல் முழுப் பணமும் கிரிக்கெட் சங்கத்துக்கே வரும், மாணவனும் உள்ளே வருவான். அந்தக் கேலரியைக் கல்லூரி அடையாள அட்டைக்கு என்று வைத்தால் இன்னும் நல்லது.

அதுவரை? வாழப்பாடி இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திறந்த சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம், ஆத்தூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரப் பக்கம். டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே வருகின்றன. 2024 பிப்ரவரியில் பஞ்சாப், 2025 ஜனவரியில் சண்டிகர் என்று ரஞ்சி ஆட்டங்களும் வந்தன. சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பிய நடராஜன் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அந்த மாவட்டத்துப் பையன்கள் ரஞ்சி நாளில் பாதி கேலரியைக் கூட நிரப்பாமல், சேப்பாக்கம் டிக்கெட்டுக்காக மொபைலைத் தேய்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். கிரிக்கெட் சங்கம் அடுத்த ரஞ்சி அட்டவணையை வெளியிட்டதும் அதில் சேலம் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். போக வர பஸ் காசும், மத்தியானச் சாப்பாடும்தான் செலவு.