மலைக்குளிருக்கு நிதானமாக வேகும் கோழி



இனிப்பும் உவர்ப்பும் கலந்த சாற்றைப் பூசிப் பளபளப்பாகச் சுடும் ஜப்பானிய முறைக்கு ‘டெரியாக்கி’ என்று பெயர். அதில் சேரும் ‘மிரின்’ அரிசியில் வடிக்கும் மது; நமக்கு ஆகாது. வெல்லமும் எலுமிச்சையும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

எலும்பில்லாத ஹலால் கோழித்தொடை அரை கிலோ, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 2 மேசைக்கரண்டி, அரை எலுமிச்சையின் சாறு, நசுக்கிய இஞ்சி ஓர் அங்குலம், கொடைக்கானல் மலைப்பூண்டு 6 பல் ஆகியவற்றை ஸ்லோ குக்கரில் இட்டுக் குறைந்த சூட்டில் வையுங்கள். சோயா சாஸிலேயே உவர்ப்பு உண்டு, உப்பு வேண்டாம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே நீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே சமவெளியைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக, 5 மணி நேரம் வேகட்டும். லுஹர் தொழுதபின் ஏற்றினால், இஷாவுக்குள் உணவு ஆயத்தம். இறுதியில் ஒரு கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பு கெட்டியாகும்வரை சூட்டைக் கூட்டுங்கள்.

உறைந்த கோழியை அப்படியே இடாதீர்கள். இடையில் மின்சாரம் நின்றால் உடனே அடுப்புக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பில் கிடக்கும் இறைச்சியில் கிருமிகள் பெருகும். பிள்ளைகள் உண்ணும் உணவல்லவா!