சங்கிலியும் சீப்பும்

விருத்தாசலத்தில் புதுவீடு கட்டுவோர் பலர், மதிலெடுத்து முடித்தவுடன் வாயிலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்றொரு பலகையை மாட்டுகின்றனர்; பலகை பொய்யாகாவண்ணம் ஒரு ஜாதி நாய்க்குட்டியையும் விலைகொடுத்து வாங்கி வருகின்றனர். முதல் இரண்டு மாதங்கள் அக்குட்டிக்கு நடக்கும் உபசாரம் சொல்லுந்தரமன்று. பின்னர் அதற்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவம் வருகிறது. அது செருப்பைக் கடிக்கிறது, விருந்தினர்மேல் தாவுகிறது, கூடத்தை நனைக்கிறது. உடனே மாமரத்தடியிலோ மாடிப்படியின் கீழோ சங்கிலியால் பிணிக்கப்படுகிறது. அன்று பூட்டிய சங்கிலி பல வீடுகளில் அதன் ஆயுள் முடியுமட்டும் கழல்வதில்லை. இந்நிலை எம்மூருக்கே உரியதன்று. ஆயினும் யாம் நாள்தோறும் காண்பது அங்கேயாதலின் அதனை எடுத்துப் பேசுகின்றோம்.

நாயைச் சொற்கேட்கப் பழக்குவதும், அதன் உடலைப் பேணுவதும் இருவேறு காரியங்கள் அல்ல என்பது எமது கொள்கை. இரண்டையும் செய்ய மனமில்லாதார் நாய் வளர்க்க முற்படுதல் தகாது.

"காவலுக்கன்றோ வாங்கினோம், பழக்கிவிட்டால் திருடனுக்கும் வாலாட்டுமே" என்பார் உளர். சங்கிலியில் கிடக்கும் நாய் பால்காரனுக்கும் குரைக்கிறது, காக்கைக்கும் குரைக்கிறது, காற்றில் உருளும் காகிதத்துக்கும் குரைக்கிறது. நாளடைவில் வீட்டார் அதன் குரலுக்குச் செவிசாய்ப்பதையே விட்டுவிடுகின்றனர். உண்மையில் திருடன் வரும் இரவிலும் அது குரைக்கத்தான் செய்யும். எழுந்து பார்ப்பார் யார்? அன்றியும், அஞ்சிய பிராணி முதலில் விலகி ஓடவே நாடும். ஓட வழியில்லாதபடி கட்டிவைத்தால் அதற்கு எஞ்சியிருப்பது கடிப்பது ஒன்றே. அக்கடிக்கு இலக்காவது பெரும்பாலும் திருடன் அல்லன். பந்தெடுக்க வந்த அண்டைவீட்டுக் குழந்தை. காவல்துறையார் வளர்க்கும் மோப்ப நாய்கள் ஒரு சொல்லுக்கு உட்காருகின்றன, ஒரு சொல்லுக்கு எழுகின்றன. அவற்றினும் சிறந்த காவல் நாய் எங்குளது?

சட்டமும் இதில் வாளா இருக்கவில்லை. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் அங்கே கொணர்ந்த தனி மசோதாவே, 1960-ல் இயற்றப்பட்ட பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்தாயிற்று. பிராணியை மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல் அச்சட்டப்படி குற்றம். வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்கு உரிய நடையும் ஓட்டமும் கொடாமையும் குற்றம். பசிதாகத்தால் வருந்தும்படி கைவிடுதலும் குற்றம். ஆனால் முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் உள்ளது. சங்கிலியின் விலை அதனினும் அதிகம்!

ஆதலின் சட்டத்தை நம்பிப் பயனில்லை. கற்க வேண்டியவர் வளர்ப்பவரே.

எம்மூர்ப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால், வனைந்த பச்சைப் பாண்டத்தை நிழலில் மெல்ல உலர்த்தாமல் சூளையிலிட்டால் வெடித்துவிடும் என்பர். குட்டிக்கும் அத்தகைய ஒரு பருவம் உண்டு. அமெரிக்க அறிஞராகிய ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு ஆராய்ந்து 1965-ல் வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவரோடும் எளிதில் பழகும் என்றும், அக்காலத்தில் மனிதரோடு பழகாதது பின்னர் அஞ்சி ஒதுங்கும் என்றும் காட்டியுள்ளனர். குட்டி நம் வீட்டுக்கு வரும்போதே அப்பருவத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். எஞ்சிய சில வாரங்களில் அது குடையையும், தலைப்பாகையையும், மோட்டார் வண்டியின் ஓசையையும், பிள்ளைகளின் கூச்சலையும் அச்சமின்றிக் கண்டறிதல் வேண்டும்.

பிறகு நான்கு சொற்கள் போதும்: உட்கார், இரு, வா, விடு. தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலும் நாயோடு மட்டும் ஆங்கிலம் பேசும் விந்தை எமக்கு இதுவரை விளங்கவில்லை. நாய்க்கு எம்மொழியும் ஒன்றே. ஆனால் பாட்டி ஒரு சொல்லும் பேரன் வேறொரு சொல்லும் வழங்கினால் அது திகைக்கும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்குக. சொன்னதைச் செய்த அந்நொடியிலேயே, வேகவைத்த கோழிக்கறியில் ஒரு சிறு துணுக்கோ ஒரு தட்டிக்கொடுப்போ கிடைக்க வேண்டும். சற்றே தாழ்த்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. தண்டனையும் அவ்வாறே. காலையில் நனைத்த கூடத்துக்காக மாலையில் அடிப்பது, அடிப்பவரின் சினத்தைத் தணிக்குமேயன்றி நாய்க்கு ஒன்றும் கற்பிக்காது. தெருவுக்கு ஓடிய நாய் அழைத்தவுடன் திரும்பி வந்தால், ஓடியதற்காக அதனைப் பிரம்பால் வரவேற்பாரை யாம் கண்டுள்ளோம். "வா" என்னும் சொல்லுக்கு "அடி" என்று பொருள் கற்பித்தபின், அடுத்தமுறை அது வராமைக்கு நாயை நோவது என்ன நியாயம்?

பேணுதலையும் பழக்குதலின் பகுதி என்றோம். நாள்தோறும் சில நிமிடம் நாயைச் சீவி, பாதத்தைக் கையிலெடுத்து, விரலிடுக்கையும் காதையும் வாயையும் திறந்து பார்ப்பவரிடம் அது தன் உடலை ஒப்படைக்கக் கற்கிறது. அந்நாயே மருத்துவர் ஊசியிடும்போதும் கடியாமல் நிற்கும். நோயை முதலில் அறிவதும் அக்கையே. எம்மூர்ப் பக்கத்தில் உண்ணிக்குக் குறைவில்லை. அவ்வுண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நில்லாது, காய்ச்சலையும் சோகையையும் மூக்கில் இரத்தம் வடியும் நோயையும் பரப்புகிறது. சுவர்ப் பிளவுகளில் முட்டையிடுமாதலின் நாயை மட்டும் கழுவிப் பயனில்லை, கூண்டையும் சுவரையும் துப்புரவாக்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தை அறவே விடுக: அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் நஞ்சாகும். நாம் தேய்க்கும் சவுக்காரமும் அதன் தோலுக்கு ஒவ்வாது. குட்டைமயிர் நாய்க்கு இரண்டு மூன்று வாரத்துக்கொரு குளியல் போதும். காதில் நீர் புகலாகாது. நகத்தினுள்ளே குருதிக்குழாய் ஓடுமாதலின் நுனியை மட்டும் சிறிதுசிறிதாகக் களைக.

நாய்க்கு உள்ளங்காலிலன்றி வேர்வை கிடையாது. நாவை நீட்டி இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. இதையறிந்தும், பனிநாட்டில் வண்டியிழுத்த அடர்மயிர் நாய்களை வாங்கி, எம்மூர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின்கீழ் கட்டுவோரை என்னென்பது! நம் நாட்டிலேயே இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் இனங்கள் உள. இராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரி 9-ஆம் நாள் அஞ்சல் தலையும் வெளியாயிற்று. வெள்ளை நிற இராஜபாளையக் குட்டிகளிற் சில பிறவிச் செவிடாக இருத்தலுண்டு; பின்னிருந்து கைதட்டிப் பார்க்காமல் "சொற்கேளா நாய்" என்று அடிப்பது கொடுமை. கைச்சாடையால் அதனையும் பழக்கலாம். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்காக ஓடப் பிறந்தவை; திறந்தவெளி இல்லாதார் அவற்றைக் கொள்ளாதிருத்தலே நன்று.

பழக்காத நாய் இறுதியிற் சேருமிடம் தெரு. தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கைப் பலரும் படித்திருப்பர். அவற்றுள் எத்தனை ஒருகாலத்தில் கழுத்துப்பட்டை அணிந்தவை என்று கேட்டவர் சிலரே. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. தடுப்பதோ மிக எளிது. மூன்றாம் மாதத்தில் குட்டிக்குத் தடுப்பூசி இட்டு, பின் மருத்துவர் கூறும் தவணைப்படி ஆண்டுதோறும் தொடர்க. வளர்ப்பு நாயே கடித்தாலும் புண்ணைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புதல் வேண்டா.

நேரமில்லை என்பார்க்கு, நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும் என்போம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டு நாயிலிருந்தே தொடங்கலாம். வைகறையில் சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஓர் ஆள் நீள வாரைப் பூட்டி, மணிமுத்தாற்றங்கரைப் பக்கம் அழைத்துச் செல்க. பல்லாண்டு கட்டுண்ட நாயாதலின் முதல் வாரம் கையைப் பிடுங்கி இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் அசையாது நின்றுவிடுக. வார் தளர்ந்தபின் நடக்க.