பாகம் உண்டு, வீடு இல்லை

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலும், அங்கிருந்து வடக்கே கோவளம் வரையிலும் மனைகளின் விலை ஏறியிருக்கும் விதத்தை நாம் நேயர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. அதனால் லாபமடைந்தவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அதே விலையேற்றத்தால், தாம் மணமகளாய்ப் புகுந்த வீட்டையே இழக்க நேரிடும் ஒரு சாராரைப் பற்றிப் பேசுவார் இல்லை. கணவனை இழந்த ஸ்திரீகளையே நாம் குறிப்பிடுகிறோம்.

இவ்விஷயத்தில் செங்கற்பட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் ஸ்ரீமான் சௌந்தரபாண்டியன் தலைமையில் அந்நகரில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு, ஸ்திரீகளுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. கட்சி பேதங்கள் எவ்வாறாயினும், அது காலத்தை முந்திய தீர்மானம் என்பதை எவரும் மறுக்க முடியாது. பாகம் பிரியாத ஹிந்துக் குடும்பத்தில் கணவன் இறந்தால் மனைவிக்கு அந்நாளில் கிடைத்தது ஜீவனாம்சம் ஒன்றே. 1937-ம் வருஷத்துச் சட்டம் அவளுக்குப் பாகம் அளித்தது. ஆயினும் அது ஆயுள் வரையில் அநுபவிக்கும் பாத்தியதையே. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டமே அதை முழு உரிமையாக்கிற்று. அச்சட்டத்திலும் 23-வது பிரிவு, ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில், அவர்கள் குடியிருக்கும் வீட்டில் பாகம் பிரிக்கக் கேட்கலாகாதென்று பெண்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தது. அந்தப் பூட்டும் 2005-ம் வருஷத்தில் கழன்றது.

இனிக் குறை என்னவென்று கேட்பாருண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தமது சுயார்ஜிதமான வீட்டை விட்டு, உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும், தாயாரும், இரண்டு குமாரர்களும், ஒரு குமாரத்தியும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பாகம், மனைவிக்கு ஐந்தில் ஒன்று. மூன்று சென்ட் மனையில் நிற்கும் வீட்டை ஐந்தாக வெட்ட முடியுமா? முடியாதெனில், 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதிக்குக் குறையாத பாகம் உடையவர்கள் வேண்டினால், வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி கோர்ட்டார் உத்தரவிடலாம். மக்கள் மூவரும் ஒன்று சேர்ந்தால் பாதிக்கு மேலாகிவிடுகிறது. விற்கக் கோருவோரின் பாகங்களைக் கோர்ட்டார் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளத் தாய்க்கு உரிமையுண்டு என்பது மெய். கடற்கரை மனையின் இன்றைய விலையைக் கொடுக்க அந்த அம்மாளிடம் ஏது பணம்? நகைகள் எப்போதோ மக்களின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கும்! மற்ற மதத்தினர் நிலையும் இதுவே. மக்கள் இருக்குமிடத்தில் கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒன்று. முஸ்லிம் விதவைக்கு எட்டில் ஒன்று. பின்னம் மாறுகிறதேயன்றிப் பின்விளைவு மாறவில்லை.

கோர்ட் வரையில் போவதும் அபூர்வமே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும், "அம்மா, இதில் ஒரு கையெழுத்து" என்று விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. பெற்ற பிள்ளையிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லும் தாய்மார் எத்தனை பேர்? மூன்று தலைமுறை போராடிப் பெற்ற பாகம் ஒரு பேனா முனையில் போய்விடுகிறது. பின்னர் மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று துணிமூட்டையும் கையுமாக அவள் அலைகிறாள்.

கணவனோடு வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை விதவைக்கும் உண்டென்று, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2022-ல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. அதை வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டம் தடுப்பது சட்ட முறைக்குப் புறம்பாக வெளியேற்றுவதையே. விற்பனை டிக்கிரியும் சட்ட முறைதானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிக்க இடமிருக்கிறது.

இதற்கு மேலான ஏற்பாடு ஒன்று நமது கடற்கரையிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை மீனவர் குப்பங்களைச் சூறையாடிற்று. அவர்களுக்குக் கட்டித்தரும் வீடுகள் மனைவி, கணவன் இருவர் பெயரிலும் கூட்டாக இருக்க வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2005-ல் ஆணையிட்டது. அத்தகைய வீட்டில் கணவன் இறந்தால் அவனுடைய பாதி மட்டுமே வாரிசுகளுக்குப் போகும். அதிலும் மனைவிக்குப் பாகம் உண்டு. அவள் கையில் பாதிக்கு மேல் இருப்பதால், மற்றெல்லோரும் கூடினாலும் 1893-ம் வருஷத்துச் சட்டம் கேட்கும் அளவை எட்ட முடியாது. குப்பத்தில் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, நகரத்தில் மாடி வீடு கட்டிய உத்தியோகஸ்தரின் மனைவிக்கு உண்டா?

பாகம் வேறு, வீடு வேறு. குடும்பப் பெண்ணின் உழைப்பும் சொத்துச் சேரக் காரணமென்று 2023-ல் சென்னை ஹைகோர்ட் ஒப்புக்கொண்டது. அவ்வுழைப்புக்கு ஐந்தில் ஒன்றுதானா கூலி? பிரான்ஸ் தேசத்தில் 2001-ல் இயற்றிய சட்டம், தம்பதிகளில் எஞ்சியிருப்பவர் விரும்பினால் தமது வீட்டிலேயே ஆயுள் முழுவதும் வசிக்க வழி செய்தது. மத்திய சட்டத்துக்குப் பதினாறு வருஷம் முன்னதாகவே, 1989-ல், பெண்மக்களைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் பாகஸ்தராக்கியது தமிழ்நாட்டுச் சட்டசபை. கணவனாயினும் மனைவியாயினும், எஞ்சியிருப்பவரின் சம்மதமின்றி அவர் குடியிருக்கும் வீட்டை அவர் ஆயுளில் விற்கவோ பிரிக்கவோ கூடாதென்று ஒரு பிரிவைச் சேர்க்க அதே சட்டசபை முன்வர வேண்டும். இதனால் மக்களுடைய பாகம் போகாது. கைக்கு வரும் காலமே தள்ளிப்போகும். தாய்க்காக அத்தனை பொறுக்க முடியாதா?

சட்டம் வரும் வரையில் நாமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டை இருவர் பெயரிலும் எழுதலாம். இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதலாம். ஸ்திரீகளின் உரிமையைப் பற்றி மேடைகளில் முழங்கும் நண்பர்கள், இன்றிரவு வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதென்று பார்க்கட்டும். 1929-ம் வருஷத்துத் தீர்மானம் நிறைவேற வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான்.