லென்ஸுக்கு ஆன்மா இல்லை

பழைய லென்ஸைக் கையில் எடுத்தவுடன் "இதுக்கு ஒரு ஆன்மா இருக்கு மச்சான்" என்று சொல்கிறவர்களோடு எங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது. "உந்தக் குப்பை 24 மெகாபிக்சலுக்குத் தாங்காது, புதுசை வாங்கு" என்று சொல்கிறவர்களோடும் அதேயளவு பிரச்சினை இருக்கிறது. பார்த்தால் இரண்டு கட்சியும் எதிரெதிராக நிற்கிற மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான்: கண்ணாடியைப் பற்றி விடிய விடியக் கதைப்பது, கமராவுக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பற்றி ஒரு சொல்லும் கதையாமல் விடுவது.

எங்களிடம் இப்போது இருப்பது நிக்கொன் 25-50 மில்லிமீற்றர் எஃப்/4. நிக்கொன் அதை 1979 இல் வெளியிட்டது. உள்ளே 11 கண்ணாடிகள், 10 தொகுதிகள். ஸூமுக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு ஒரு வளையம். நிறை கிட்டத்தட்ட 600 கிராம். (பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979 இல்தான் வந்தது, பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று போட்டுக்கொண்டு. லென்ஸைத் தற்காலிகம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன.) இதை 24 மெகாபிக்சல் முழுச் சட்டக மிரர்லெஸ் கமரா ஒன்றை இரவல் வாங்கி அதிலே போட்டுப் பார்த்தோம், பிறகு எங்களுடைய ஏபிஎஸ்-சி கமராவிலும் போட்டுப் பார்த்தோம்.

முதலில் கொஞ்சம் நியாயமாகக் கதைப்போம். அகலக் கோண ஸூம் செய்வது அந்தக் காலத்தில் லேசான வேலை இல்லை. 35 மி.மீ. கமராவுக்கு வந்த முதல் ஸூம், 1959 இன் ஃபொய்க்லாண்டர் ஸூமார், 36 இலிருந்து 82 வரைதான் போனது. அதைவிட அகலமாகப் போனால் கமராவுக்குள் மேலும் கீழும் ஆடுகிற கண்ணாடிக்கு இடம் விடவேண்டும். லென்ஸின் பின்பக்கம் அதிலே முட்டக்கூடாது. நிக்கொனின் 28-45 வந்ததே 1975 இல். ஆகவே 1979 இல் 25 மி.மீ. இலிருந்து தொடங்குகிற ஒரு ஸூம் என்பது பெரிய காரியம். அதைக் குப்பை என்கிறவர், ஒன்றில் வரலாறு தெரியாதவர், அல்லது புதுசு விற்கிறவர்.

புதுசு விற்கிறவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. பழைய லென்ஸால் எடுத்த படத்தையும் புது லென்ஸால் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாருங்கோ, கோடு வளைஞ்சு கிடக்கு" என்பார்கள். உண்மைதான், வளைந்துதான் கிடக்கிறது. பண்ணைப் பாலத்தடியில் நின்று கடல் விளிம்பைச் சட்டகத்தின் மேல் ஓரத்தில் வைத்து 25 இல் எடுத்தால், விளிம்பு இரண்டு பக்கமும் கீழே சாயும். ஆனால் இன்றைய மிரர்லெஸ் அகல லென்ஸுகள் பலவற்றில் கோட்டை நேராக்குவது கண்ணாடி இல்லை, மென்பொருள். திருத்தம் கோப்போடு சேர்ந்தே வரும், நீங்கள் திறக்கிற நேரம் அது நடந்து முடிந்திருக்கும். திருத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தால், பல புது லென்ஸுகளின் வளைவைப் பார்த்து எங்கள் 1979 சிரிக்கும். ஒருத்தருக்கு மேக்கப் போட்டு, மற்றவரை நித்திரைப் பாயால் எழுப்பிக் கொண்டுவந்து, ஆர் வடிவு என்று கேட்கிற போட்டி இது.

அடுத்தது 'நூறு வீதம்' என்கிற வியாதி. 6000 பிக்சல் அகலமான படத்தைச் சாதாரணக் கணினித் திரையில் நூறு வீதத்துக்குப் பெருப்பித்தால், ஒன்றரை மீற்றருக்கு மேல் அகலமான ஒரு பதாகையை மூக்கு முட்ட நின்று பார்ப்பதற்குச் சமன். அப்படிப் பார்த்து, மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கரை தெரிகிறது என்று முறைப்பாடு. கரை தெரியும்தான். ஒரு கிளிக்கில் போயும் விடும்.

சரி, மூலை ஏன் மங்குகிறது? இதையாவது ஆராய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நிக்கொன் லென்ஸின் பின்தட்டிலிருந்து ஃபிலிமுக்கு 46.5 மி.மீ. தூரம். சொனி ஈ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டும். ஆகவே நடுவில் போடுகிற அடப்டர் சரியாக 28.5 மி.மீ. இருக்கவேண்டும். மலிவு அடப்டர்கள் பல அதைவிடக் கொஞ்சம் கட்டையாக இருக்கும். தூரத்துப் பனைகளில் ஃபோகஸ் வருகிறதோ இல்லையோ என்ற பயத்தில் அப்படிச் செய்கிறார்கள். விளைவு, 50 இல் பிடித்த ஃபோகஸ் 25 க்குத் திருப்பினவுடன் நழுவிவிடும். அடப்டர் மயிரிழை சாய்ந்திருந்தால் ஒரு பக்க மூலை தெளிவாகவும் மற்றப் பக்கம் கஞ்சியாகவும் இருக்கும். அப்போதும் பழி லென்ஸுக்குத்தான். எங்களுடைய முதல் அடப்டரில் இடது ஓரம் எஃப்/8 இலும் தேறவில்லை. வேறு அடப்டர் போட்டோம், இடதும் வலதும் ஒரே மாதிரி வந்தது. லென்ஸ் அதே லென்ஸ்தான்.

சுவரைப் படம் பிடித்துச் சோதிக்கிற பழக்கத்தையும் விடவேண்டும். இரண்டு மீற்றரில் இருக்கிற செங்கல் சுவர், இருநூறு மீற்றரில் இருக்கிற கோபுரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கிட்டவும் தூரவும் இந்த லென்ஸ் ஒரே மாதிரி நடப்பதில்லை. அதோடு, செங்கல் சுவரைப் படம் எடுக்கவா நாங்கள் கமரா தூக்கினோம்?

எங்களுடைய சோதனைத் தாள் வேறு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தை உங்களில் பலர் படம் எடுத்திருப்பீர்கள். கொட்டில் ஒடுக்கம், பின்னால் நகர இடமில்லை, அதனால் அகல லென்ஸ். அம்மாக்களின் கையில் ஒரு படம் இருக்கும். அந்தப் படத்துக்குள் இருக்கிற முகம் உங்கள் படத்தில் தெரிகிறதா? எங்களுக்கு லென்ஸிடம் கேட்க இருக்கிற கேள்வி இதுதான்.

ஆகவே எங்களில் ஒருவரின் கடவுச்சீட்டு அளவுப் படத்தை மட்டையில் ஒட்டி, இரண்டு மீற்றரில் பிடித்து, சட்டகத்தின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து 25 மி.மீ. இல் எடுத்தோம். கணக்குப் பார்த்தால் அந்தச் சின்னப் படத்தின் அகலம் சென்சரில் 70 பிக்சல் சொச்சம்தான் வரும். எஃப்/4 இல் நடுவில் ஆளை மட்டுக்கட்டலாம். ஓரத்தில் ஏலாது, மயிரும் சேட்டும் தெரியும், கண் கரைந்துவிடும். எஃப்/5.6 இல் இழுபறி. எஃப்/8 இல் ஓரத்திலும் இன்னார் என்று சொல்லலாம். எஃப்/16 க்குப் போனால் திரும்ப எல்லாம் மெல்ல மழுங்கும், அது எந்த லென்ஸுக்கும் உள்ள விதி.

கொட்டில் நிழலில் எஃப்/8 என்றால் வெளிச்சம் காணாது. 1979 இல் 400 ஃபிலிம் போட்டவருக்கு அது தலையிடி. இன்றைக்கு ஐஎஸ்ஓ 3200 வைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். பழைய கண்ணாடியையும் புதுச் சென்சரையும் சேர்ப்பதில் வருகிற உண்மையான லாபம் இதுதான். இதை ஒரு வீடியோவிலும் ஒருத்தரும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் எஃப்/4 இல் சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள், ஏனென்றால் அங்கேதான் 'ஆன்மா' வருகிறது.

அந்த ஆன்மா என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். 10 தொகுதி என்றால் காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற இடங்கள் 20. பழைய பூச்சு. போதாததற்கு ஃபிலிமைவிட சென்சர் ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அடிக்கும். எதிர் வெயிலில் இத்தனைக்குள்ளும் ஒளி துள்ளித் துள்ளிப் படத்தின் மேல் ஒரு பால் மூட்டம் விழுகிறது, கருமை சாம்பலாகிறது. அவ்வளவுதான் விசயம். கையால் வெயிலை மறைத்தால் ஆன்மா போய்விடும்.

இது வெறும் ரசனைச் சண்டை என்றால் நாங்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளில் கூரையில்லாமல் நிற்கிற வீடுகளைப் பழைய லென்ஸால் எடுத்து, மூட்டம் போட்டு, மஞ்சள் ஏற்றி, 'நினைவுகள்' என்று பாட்டோடு போடுகிற ரீல்ஸ் எத்தனை? அந்த வீட்டுக்காரர் 1990 இல் வெளிக்கிட்டவர். அவர் தேடுவது வளவின் எல்லைக் கல், கிணற்றுக் கட்டு, எஞ்சிய சுவரில் தன்னுடைய வீட்டை அடையாளம் காட்டுகிற ஏதாவது. நீங்கள் மூட்டம் போட்டு மறைத்தது சரியாக அதைத்தான். கூரை தானாக உக்கி விழுந்த மாதிரி, காலம்தான் குற்றவாளி என்கிற மாதிரி ஒரு படம். பழசாக்குவது என்றால் ஒரு குற்றத்துக்கு வயசு ஏற்றுவது, வயசு ஏறினால் ஒருத்தரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

வளைவுக்குத் திரும்ப வருகிறோம், ஏனென்றால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நேர்க்கோட்டை நேராக வைத்திருக்கிற எந்த அகல லென்ஸும் ஓரத்தில் நிற்கிற ஆளின் முகத்தை இழுத்து அகலமாக்கும். கூட்டப் படங்களில் கரையில் நிற்கிறவர் எப்போதும் கொழுத்துத் தெரிவது அதனால்தான். பீப்பாய் மாதிரி வளைகிற லென்ஸில் அந்த இழுவை கொஞ்சம் குறைவு. மென்பொருளில் வளைவைத் திருத்தினால் சுவர் நேராகும், முகம் திரும்ப இழுபடும். எனவே ஆட்கள் ஓரத்தில் நிற்கிற படங்களில் நாங்கள் திருத்துவதை நிற்பாட்டிவிட்டோம். பின்னால் இருக்கிற தகரம் வளைந்து கிடக்கட்டும், அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இருந்தால் போதும்.

ஏபிஎஸ்-சி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று, அது எங்களில் முக்கால்வாசிப் பேர். 25 அங்கே கிட்டத்தட்ட 37 மாதிரித்தான் பார்க்கும். ஒடுக்கமான கொட்டிலில் உதவாது. "மூலை வரை தெளிவு" என்று யாராவது ஏபிஎஸ்-சி இல் சோதித்துச் சொன்னால் நம்பாதையுங்கோ, அந்த மூலைகளை அவர் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சொல்கிறார். இதற்காக விலை கூட்டிக் கேட்டால் விட்டுவிட்டு வாருங்கோ. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டின பிறகு புது எஃப்/2.8 அகல ஸூம் எங்கள் கணக்கிலேயே இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் பழசுக்கும் 'வின்ரேஜ்' என்று பேர் வைத்து விலை ஏற்றுகிறார்கள். வாங்கமுதல் பின்னாலிருந்து ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கோ. எங்கள் ஈரப்பதத்துக்குச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருக்கும், அதையும் ஆன்மா என்று விற்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சில்லறைத் தொல்லை: இந்த லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் கமராவுக்கு எத்தனை மி.மீ. என்று தெரியாது. உடம்பிலேயே நடுக்கத் தடுப்பு உள்ள கமரா என்றால் ஸூமைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நீங்களாக இலக்கத்தைக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அது உதவுவதற்குப் பதிலாகக் குழப்பும். நாங்கள் அதை அணைத்தே வைத்திருக்கிறோம்.

படத்தை இன்ஸ்ராகிராமில் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் கணக்கைச் சொல்லவேண்டும். 6000 அகலம் அங்கே 1080 ஆகிறது. எஃப்/8 இல் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய அந்த 70 பிக்சல் முகம் 13 பிக்சலுக்குள் வந்துவிடும், பேந்து அது முகமே இல்லை. முழு அளவுக் கோப்பை, எடுத்த திகதியோடும் இடத்தோடும், படத்தில் இருக்கிறவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கோ. லென்ஸ் எங்களிடம்தான் இருக்கிறது. கேட்கிற ஆளுக்கு ஒரு கிழமைக்குத் தருவோம், இரண்டாவது அடப்டரோடு.