பொழுதுபோக்கைக் கடனில் வாங்கலாமா?

உழைத்துக் களைத்தவருக்குப் பொழுதுபோக்கு தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஒளிப்படம் எடுத்தல், மிதிவண்டியோட்டம், தூண்டில் மீன்பிடிப்பு, வண்ணமீன் வளர்ப்பு, மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரப் பயணம் என மலாக்கா மாநில இளைஞர்கள் பலவற்றில் ஈடுபடுகின்றனர். இவை உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தருபவை. ஆனால், இவற்றுள் பல இன்று மலிவானவை அல்ல. நல்ல ஒளிப்படக் கருவியும் அதற்குரிய வில்லையும் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடும். கையில் பணம் இல்லாதபோதும் சட்டைப்பையில் கடன்பற்று அட்டை இருக்கிறது. அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பொழுதுபோக்கு தவறன்று. அதைக் கடனில் தொடங்கி, அக்கடனை மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தி இழுத்துச் செல்வதே தவறு.

கடனுக்குப் பொருள் வாங்குவது மலாக்காத் தமிழருக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர், புக்கிட் அசகான் முதலிய இடங்களிலும் தோட்டங்கள் பரவின. தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்கள் லயன் வீடுகளில் வாழ்ந்தனர். அரிசி, பருப்பு, எண்ணெய் போன்றவற்றை மளிகைக் கடையில் கடனாகப் பெற்று, சம்பள நாளன்று கணக்குத் தீர்த்தனர். அட்டையில் '555' என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் கடைக்காரர் கணக்கு எழுதிய காலத்தை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

அந்தக் குறிப்பேட்டு முறையில் குறைகளும் இருந்தன. வேறு கடை இல்லாத தோட்டத்தில் கடைக்காரர் சொன்னதே விலை. சம்பளத்தில் பெரும்பகுதியைக் கடைக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய குடும்பங்களும் உண்டு. ஆயினும், அதில் கடன் கண்ணுக்குத் தெரிந்தது. எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் குடும்பத்தார் பார்க்க முடிந்தது. வாங்குபவரின் சம்பளம் எவ்வளவு என்பது கடைக்காரருக்கும் தெரியும். பாக்கி அளவு மீறினால், "முதலில் பழைய பாக்கியைக் கட்டுங்கள்" என்று அவர் சொல்லிவிடுவார். கடன்பற்று அட்டை அவ்வாறு சொல்வதில்லை. வரம்பு எட்டும்வரை அது மறுப்பின்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தோட்டப்புறத் தமிழரிடம் கடன் வாங்கும் வழக்கம் மட்டுமா இருந்தது? சேமித்து வாங்கும் வழக்கமும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து சிறுசிறு தொகையாகச் செலுத்திப் பங்குதாரர்களாயினர். அவ்வாறு திரண்ட முதலைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. தோட்டத்தையே சேமித்து வாங்கிய சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு, ஓர் ஒளிப்படக் கருவியைச் சேமித்து வாங்குவது இயலாத செயலன்று.

இன்று அத்தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் ஆயர் குரோ, பத்து பெரெண்டாம், செங் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்பேட்டைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் சேர்கிறது. வேலை நிலைத்ததும் கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பிக்குமாறு பேரங்காடியிலேயே அழைப்பு வருகிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா இதற்குச் சில கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. ஆண்டுக்குக் குறைந்தது 24,000 ரிங்கிட் வருமானம் உள்ளவரே அட்டை பெற முடியும். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர், இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவருடைய மாத வருமானத்தின் இரு மடங்குவரை கடன் வரம்பு வழங்கலாம். அதாவது, மாதம் 3,000 ரிங்கிட் ஈட்டும் ஒருவர், விதிகளை மீறாமலேயே 12,000 ரிங்கிட் வரை கடன்படலாம். அது அவருடைய நான்கு மாதச் சம்பளம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு வேறு. ஒருவரால் தாங்கக்கூடிய சுமை வேறு. இந்த வேறுபாட்டை உணராததே பலருடைய துன்பத்திற்குக் காரணமாகும்.

கடன்பற்று அட்டை இயங்கும் முறையை அறிந்தால் இது தெளிவாகும். மாதக் கணக்கு அறிக்கையில் உள்ள முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. பாக்கி வைப்பவருக்கோ ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கப்படுகிறது. தவணை தவறாதவருக்கு 15. அடிக்கடி தவறுபவருக்கு 18. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால், பொதுவாக 5 விழுக்காட்டுக் கட்டணமும், எடுத்த நாள் முதலே வட்டியும் சேரும். அறிக்கையில் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒரு தொகையும் காணப்படும். அது பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு. அதைச் செலுத்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர்.

போதுமா என்பதை ஒரு கணக்கின்வழி காணலாம். இளைஞர் ஒருவர் 6,000 ரிங்கிட்டுக்கு ஒளிப்படக் கருவியும் வில்லையும் அட்டையில் வாங்குகிறார் எனக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதாவது மாதத்துக்கு 1.5 விழுக்காடு. முதலில் அவர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஏறக்குறைய 300 ரிங்கிட். அதில் 90 ரிங்கிட் வட்டிக்குப் போகிறது. 210 ரிங்கிட் மட்டுமே கடனைக் குறைக்கிறது. கடன் குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது. இது சலுகைபோல் தோன்றினாலும், கடனை நீட்டிக்கும் வழி இதுவே. குறைந்தபட்சத் தொகை 50 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்காது என்று வைத்துக்கொண்டாலும், அக்கடன் தீர ஆறு ஆண்டுகள் பிடிக்கும். வட்டி மட்டும் ஏறக்குறைய 2,300 ரிங்கிட் ஆகும். கடன் தீரும் நாளில் அந்தக் கருவி பழையதாகியிருக்கும். ஒருவேளை பழுதும் அடைந்திருக்கும்.

அதே இளைஞர், அறிக்கையில் குறைந்த தொகை காட்டப்பட்டாலும் மாதந்தோறும் மாறாமல் 300 ரிங்கிட்டையே செலுத்தினால் என்ன ஆகும்? கடன் 24 மாதங்களில் தீர்ந்துவிடும். வட்டி ஏறக்குறைய 1,200 ரிங்கிட்டாகக் குறையும். மாதம் 550 ரிங்கிட் செலுத்த முடிந்தால் ஓராண்டிலேயே கடன் தீரும். வட்டியும் ஏறக்குறைய 600 ரிங்கிட்டோடு நின்றுவிடும். வாங்கும் முன்பே மாதம் 500 ரிங்கிட் வீதம் சேமித்திருந்தால், அதே ஓராண்டில் வட்டியே இல்லாமல் கருவி கைக்கு வந்திருக்கும். அட்டையும் பொருளும் ஒன்றே. மாறுவது செலுத்துபவரின் உறுதி மட்டுமே.

மேலும், பொழுதுபோக்கின் செலவு வாங்கும் விலையோடு முடிவதில்லை. ஒளிப்படக் கலைஞருக்கு இன்னொரு வில்லை, தாங்கி, நினைவு அட்டை, பயணச் செலவு ஆகியவை தொடர்ந்து வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்குச் சக்கரமும் காப்புறுதியும் பராமரிப்பும் காத்திருக்கும். பழைய கடன் தீராத அட்டையில் இவையும் ஏறினால், மாதந்தோறும் பணம் கட்டியும் நிலுவை குறையாத நிலை ஏற்படும். அப்போது பொழுதுபோக்கு மகிழ்ச்சி தருவதற்கு மாறாக, அறிக்கை வரும் நாளெல்லாம் அச்சத்தையே தரும்.

சிலர் இக்கருத்தை மறுப்பர். ஒளிப்படக் கருவி வாங்கினால் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் படம் எடுத்துச் சம்பாதிக்கலாம்; வருமானம் கடனை அடைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். அவ்வாறு முன்னேறியவர்கள் இருக்கக்கூடும். ஆனால், வருமானம் வரும் என்பது எதிர்பார்ப்பு; வட்டி வரும் என்பது உறுதி. தொழிலாக்க விரும்புபவர் முதலில் கருவியை வாடகைக்கு எடுத்துச் சில நிகழ்ச்சிகளில் தம் திறனையும் சந்தையையும் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை. வேறு சிலர், வட்டியில்லாத் தவணைத் திட்டம் இருக்கிறதே என்பர். முறையாகக் கட்டுபவருக்கு அது உதவும் என்பது உண்மையே. ஆயினும், அந்தத் தவணையை உரிய நாளில் முழுமையாகச் செலுத்தாவிட்டால், எஞ்சும் தொகைக்குப் பொதுவாக வழக்கமான வட்டி விதிக்கப்படும். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு தவணைகளை ஏற்றுக்கொண்டவருக்கு வட்டியில்லாக் கடனும் சுமையே.

கடன்பற்று அட்டைக் கடனால் இழப்பது பணம் மட்டுமன்று. தோட்டப்புறக் குடும்பங்களின் நெடுநாள் கனவு சொந்த வீடு. லயன் வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. வேலையை விட்டு நின்றவர் வீட்டையும் விட வேண்டியிருந்தது. ஆகையால்தான், பட்டணத்தில் ஒரு வீடு வாங்கிப் பெற்றோரை அதில் குடியமர்த்துவதைப் பல இளைஞர்கள் தங்கள் கடமையாகக் கருதுகின்றனர். வீட்டுக்கடன் கோரும்போது வங்கிகள், பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவைப் பார்க்கின்றன. ஒருவர் கடந்த 12 மாதங்களில் கடனை எவ்வாறு செலுத்தினார் என்பதை அப்பதிவு காட்டும். தவறிய தவணைகளும் பெரும் நிலுவையும் அங்குத் தெரியும்போது, விண்ணப்பம் தள்ளப்படலாம். தற்போதைய சட்டப்படி கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால்தான் ஒருவரைத் திவாலானவராக அறிவிக்குமாறு கோர முடியும். அந்த வரம்பைத் தொடாதவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. திவாலாகாமலேயே வீட்டுக் கனவை இழக்க, சில ஆயிரம் ரிங்கிட் கடனும் போதும்.

எனவே, செலவுமிக்க பொழுதுபோக்கை விரும்புபவர் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவதாக, அதற்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, சம்பளம் வந்தவுடன் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, எளிய கருவியில் தொடங்க வேண்டும். 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற மலாக்கா நகரில் படம் எடுக்கக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. தங்கக் கொல்லர் தெருவில் 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தையும், ஆற்றங்கரையையும் கைப்பேசியாலேயே அழகுறப் படமெடுத்துப் பழகலாம். நல்ல நிலையிலுள்ள பழைய கருவி பாதி விலைக்குக் கிடைத்தால், மாதம் 250 ரிங்கிட் சேமிப்பில் ஓராண்டில் அதை வாங்கிவிடலாம். அந்த ஓராண்டுக் காத்திருப்பு வீணன்று. ஆறாவது மாதத்திலேயே ஆர்வம் தணிந்துவிட்டால், சேமித்த பணம் கையில் மிஞ்சும். ஆர்வம் வளர்ந்தால், எது தேவை, எது தேவையில்லை என்பதை அறிந்து வாங்கலாம்.

ஏற்கெனவே கடனில் சிக்கியவர் அட்டையைப் பயன்படுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். குறைந்தபட்சத் தொகையைப் பொருட்படுத்தாமல், தம்மால் இயன்ற ஒரு நிலையான தொகையை மாதந்தோறும் செலுத்த வேண்டும். இரண்டு அட்டைகள் இருந்தால், வட்டி மிகுந்ததை முதலில் தீர்க்க வேண்டும். பயன்படுத்தாத கருவிகளை விற்றுக் கடனைக் குறைப்பதில் வெட்கமில்லை. கடனைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்வதும் இன்றியமையாதது. மறைத்த கடன் இரட்டிப்பாகும். ஒரு கடனை அடைக்க ஆலோங் எனப்படும் வட்டி முதலைகளிடம் போவது, குழியிலிருந்து தப்பிக் கிணற்றில் விழுவதற்கு ஒப்பாகும். கூட்டுச் சீட்டு நடத்துவதையும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இலவசமாக வழிகாட்டுகிறது. தகுதியுள்ளவருக்குக் கடனைத் தாங்கக்கூடிய தவணைகளாக மாற்றியமைக்கவும் அது உதவுகிறது. சிக்கல் முற்றும்வரை காத்திராமல், ஒரு தவணை தவறும் முன்பே அங்குச் செல்வது நல்லது.

இப்பழக்கங்கள் முதல் சம்பளத்தோடு தொடங்குவன அல்ல. பள்ளிப் பருவத்திலேயே உருவாகின்றன. இணைய விளையாட்டுக்கு நண்பரிடம் பத்து ரிங்கிட் கடன் வாங்கும் மாணவர், பின்னாளில் அட்டையிடமும் அவ்வாறே கேட்பார். மிதிவண்டிக்காகத் தீபாவளி அன்பளிப்பைச் சேர்த்துவைக்கும் மாணவர், பின்னாளில் எதையும் சேமித்தே வாங்குவார். பெற்றோர் வீட்டு வரவுசெலவைப் பிள்ளைகளோடு திறந்து பேசுவதும், பள்ளிகள் கணிதப் பாடத்தில் வட்டிக் கணக்கைக் கடன் அறிக்கையோடு இணைத்துக் கற்பிப்பதும் இதற்குத் துணைபுரியும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. விருப்பமான கலையையோ விளையாட்டையோ கைவிடுமாறு அது சொல்லவில்லை. அளவறிந்து மேற்கொள்ளுமாறே சொல்கிறது. சேமித்து வாங்கிய கருவி, முதல் நாளிலிருந்தே உரியவருக்குச் சொந்தம். கடனில் வாங்கிய கருவி, கடைசித் தவணை வரையில் அவரைத் தனக்குச் சொந்தமாக்கிக்கொள்ளும்.