பாட்டு கெட்டுப்போகவில்லை, நமக்கு வயதாகிவிட்டது

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும், நாம் பார்க்காத கோபமா?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பழைய மாணவர் ஒருவரின் காரில் போனேன். பின்சீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகன். ஆசையாகத் தன் போனை வண்டி ஸ்பீக்கரில் இணைத்து அனிருத் பாட்டு ஒன்றைப் போட்டான். அரை நிமிடம்கூட ஓடவில்லை. "நிறுத்துடா அந்தச் சத்தத்தை! எங்க காலத்துப் பாட்டைக் கேளு, அதுதான் பாட்டு" என்று அப்பா ரகுமானுக்கு மாற்றிவிட்டார். பையன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். கோவில்பட்டியில் டீ குடிக்க இறங்கியபோதும் வாய் திறக்கவில்லை.

அந்த அப்பா யார் தெரியுமா? 1994-ல் 'காதலன்' படப் பாட்டுக்குப் பெஞ்சில் தாளம் போட்டு என்னிடம் பிரம்படி வாங்கியவர். அன்று நான் சொன்னதும் இதே வசனம்தான்: "இதெல்லாம் ஒரு பாட்டா?" (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், எனக்கும் உறைக்கட்டும்" என்றார்.)

இந்த வசனம் எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்த சொத்து. நான் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து எம்.எஸ்.வி. பாட்டுக் கேட்டால், "கிட்டப்பா மைக் இல்லாம பாடினாருடா, இவங்க மைக்கை முழுங்கிட்டு முணுமுணுக்கிறாங்க" என்பார். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 1944 'ஹரிதாஸ்' பாட்டோடு அவருக்கு இசை முடிந்துவிட்டது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்கு 23 வயதுதான். அதற்குள் நானும் "வயக்காட்டுப் பாட்டு" என்று உதட்டைப் பிதுக்கினேன். 1992-ல் 'ரோஜா' வந்தபோது "கம்ப்யூட்டர் சத்தம்" என்றேன். இன்று இரண்டையும் கேட்டுக் கண் கலங்குகிறவனும் நான்தான்.

வீட்டுப் பெரியவர்கள் மட்டுமா? அரசாங்கமே செய்து பார்த்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். என்ன நடந்தது? ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1957-ல் விவித் பாரதி தொடங்கி, சினிமாப் பாட்டை அவர்களே போட வேண்டியதாயிற்று. இன்று நாம் "பொற்காலம்" என்று கொண்டாடும் பாட்டுகளில் பல, அந்தக் காலத்துப் பாட்டுகள்தான்!

"ஆனால் சார், பழைய பாட்டு நிற்கிறதே?" என்பீர்கள். நின்றது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. ஆரம்பகாலப் பேசும்படங்களில் ஒரு படத்துக்கு முப்பது, நாற்பது பாட்டு இருந்ததுண்டு. எத்தனை நினைவிருக்கிறது? புடைத்துச் சலித்து எடுத்த அரிசியையும் களத்துமேட்டில் இன்று வந்து இறங்கிய நெல்லையும் பக்கத்தில் வைத்துத் தரம் பார்ப்பது நியாயமா? இன்றைய நெல்லையும் காலம் புடைக்கும். பொறுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "தரம்" என்று நாம் சொல்லும்போது பல நேரம் அது இசையைப் பற்றியது அல்ல. யார் வீட்டுக் கொட்டு, எந்தத் தெருப் பேச்சு என்பதுதான். பறையும் கானாவும் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள், தங்களுக்குச் சுளிப்பது காதா, வேறெதுவுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். "வயக்காட்டுப் பாட்டு" என்ற நானும் கேட்டுக்கொண்டேன். வந்த பதில் கௌரவமாக இல்லை.

எல்லாப் புதுப் பாட்டும் நல்லது என்று நான் சொல்லவில்லை. வாத்தியம் வரிகளை மூழ்கடித்தால் சொல்லுங்கள். பெண்ணை இழிவுபடுத்தினால் கட்டாயம் கண்டியுங்கள். பழைய பாட்டிலும் அது உண்டு, அதையும் கண்டியுங்கள். பாட்டைக் குறை சொல்லுங்கள், தலைமுறையைச் சொல்லாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன்? அதே 1994. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். கட்டுரை நோட்டில் வரிக்கு இரண்டு பிழை விடுவான். ஒருநாள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டைப் பிடுங்கினேன். சுமார் நாற்பது சினிமாப் பாட்டுகள், கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கையால் எழுதியவை. எல்லார் முன்னாலும் நான்காகக் கிழித்தேன். கிழித்த தாளைக் குப்பையில் போடும்போதுதான் கண்ணில் பட்டது. முத்து முத்தான எழுத்து. ழகரம், றகரம் எல்லாம் சரி. ஒற்றுகூட விடவில்லை. நான் மூன்று வருடம் கற்றுக்கொடுக்க முடியாத தமிழை அந்தப் பாட்டுகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. தமிழாசிரியன் நான் அதைக் கிழித்துவிட்டேன். அதன் பிறகு அவன் என் வகுப்பில் தானாகக் கை தூக்கியதே இல்லை.

தம்பி, இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. இந்தப் பதிவிலும் பிழை இருந்தால் திருத்து. உனக்கு அந்த உரிமை உண்டு.

மற்றவர்களுக்கு ஒரே வீட்டுப்பாடம். இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம், "உனக்குப் பிடித்த ஒரு பாட்டுப் போடு" என்று கேளுங்கள். முழுதாகக் கேளுங்கள். நடுவில் இளையராஜாவை இழுக்காதீர்கள். முடிந்ததும், "இதில் உனக்கு எது பிடிக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை பேச ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது அதுதானே?

நாளை வந்து நோட்டைப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா